பூபதியண்ணன் முறை

ஒரு தெரு முழுக்க, பால் வாங்கக் கிளம்பியவர், கோலப்பொடி டப்பாவோடு குனிந்தவள், வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தவர் என்று அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்று, அடுத்த அடியை எப்போது எடுத்து வைக்கலாம் என்று ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? எங்கள் மேட்டுக்கரட்டூர் தறிக்காரர் தெருவுக்கு வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் கால் வைத்ததுமே நீங்களும் நின்றுபோவீர்கள். பயப்பட வேண்டாம், பக்கத்தில் நிற்கிறவர் யாராவது ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவார், உங்கள் முறை வரும்போது போகலாம்.

இது ஆரம்பித்தது என் மகளால். நிவிக்கு அப்போது நடை பழகும் பருவம். தறி ஓடுகிற வீட்டில் அப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசில்லை. பெல்ட்டைப் பிடிக்கப் போகும், நூலுக்குக் குறுக்கே பாய்கிற நாடாவை எட்டப் பார்க்கும், கழிவு நூலை வாயில் திணித்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இவளை ஒரே இடத்தில் உட்கார வைக்க ஏதாவது கிடைக்காதா என்று அட்டாலியில் ஏறித் துழாவினேன். பித்தளைக் குடங்களுக்குப் பின்னால், லுங்கித் துணியில் சுற்றி, அவன் போட்ட முடிச்சு போட்டபடியே, என் அண்ணன் பூபதியின் கேம் பெட்டி இருந்தது.

அண்ணன் அதை ஈரோட்டில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தபோது நான் ஏழாவது படித்தேன். கூட ஒரே ஒரு சிடி. அதில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒரு வரி புரியாது, பேர் வைக்கிற இடத்தில் மட்டும் இங்கிலீஷ் எழுத்து வரும். மற்ற பிள்ளைகள் வீட்டு கேமில் கார் பறக்கும், துப்பாக்கி வெடிக்கும். எங்களுடையதில் கட்டம் கட்டமாக ஒரு மைதானம், அதில் எங்கள் படை, எதிரே கறுப்புச் சட்டைப் படை, ஒருவர் நகர்ந்து முடித்தால்தான் அடுத்தவர் நகரலாம். அந்த ஆட்டத்துக்கு அவசரமே கிடையாது. நீங்கள் போய் உலை வைத்து வடித்து இறக்கிவிட்டு வந்தாலும், உங்கள் ஆள் வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அதே கட்டத்தில் உங்களுக்காக நின்றுகொண்டிருப்பான்.

அண்ணன் படையாட்களுக்கெல்லாம் எங்கள் தெருக்காரர்களின் பேரை வைத்தான். டீக்கடை நல்லசாமி அண்ணன் மந்திரவாதி. ராஜாமணியக்கா ஈட்டிக்காரி, அவர் வாய்க்கு அதுதான் பொருத்தம் என்றான். நான் காயம் ஆற்றுகிறவள். பின்னால் சுகந்தி அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்ததும், கல்யாணப் பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, அண்ணியின் பேரில் ஒரு வில்லாளியைச் சேர்த்துத் தன் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தினான். அந்த ஆட்டத்தில் விழுந்தவர் விழுந்தவர்தான், திரும்ப எழ மாட்டார். அதனால் யாராவது விழுந்தால் அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆடுவான். "நம்ம தெரு ஆளு ஒருத்தர் போகக்கூடாது கோகி," என்பான், "நாளைக்கு நல்லசாமி அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அப்படிச் சொன்னவன் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஏறிப் போனான். முதலில் சத்தீஸ்கர் என்றான், அப்புறம் இன்னும் உள்ளே போகிறோம் என்றான், அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கினவன் வண்டிக்குத் திரும்பவில்லை என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் அந்த ஏக்கத்திலேயே அடுத்தடுத்துப் போய்விட, தறியைப் பார்க்க ஆள் வேண்டுமென்று என்னைக் கட்டிக்கொண்டவர் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அண்ணி பின்கட்டு அறையில் இருந்துகொண்டு தார் சுற்றினாள். தறி நாடாவுக்குள் போடுகிற குச்சியில் ராட்டையால் நூல் ஏற்றுகிற வேலை அது. வருஷம் போனது. அண்ணி டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிப் போகமாட்டாள், தாய்வீட்டு விசேஷத்துக்குக்கூட. "நான் போன நேரம் பார்த்து அவரு வந்துட்டாருன்னா, கதவைத் திறக்க ஆளு வேண்டாமா?" என்பாள்.

பெட்டியைத் துடைத்து டிவியில் மாட்டினேன். நிவி மடியில் உட்கார்ந்தாள். நாங்கள் பாதியில் விட்ட அதே சண்டை, அதே கட்டங்கள், அதே ஆட்கள் நின்றபடியே நின்றுகொண்டிருந்தார்கள். மந்திரவாதி தலைமேல் அம்புக்குறி ஆடிக்கொண்டிருந்தது, நல்லசாமி அண்ணன் முறை. ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினேன். தெருவில் அத்தனை தறியும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கின.

நல்லசாமி அண்ணன் மட்டும் டீ கிளாஸோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். மற்ற எல்லோருக்கும் கை வேலை செய்தது, வாய் வேலை செய்தது, கால் மட்டும் எழவில்லை. தறி ஓடினாலும் அறுந்த நூலைப் போய் முடிச்சுப் போட முடியாது என்பதால் அவரவர் கைக்கெட்டிய சுவிட்சை அணைத்துவிட்டார்கள். நல்லசாமி அண்ணன் டீயைக் கொடுத்துவிட்டு நின்றார். உடனே ராஜாமணியக்காவின் உள்ளங்கால் வெயிலில் கிடந்த சிமெண்டுத் தரையை மிதித்த மாதிரி சுட்டது. அக்கா நடந்தார், குழாயடியில் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்து நின்றார். அப்புறம் அடுத்த காலுக்குச் சூடு போனது. இப்படியாகத்தான் எங்கள் தெரு முறைக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் டிவி சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். ஜன்னல் வழியாக ராஜாமணியக்கா அதட்டினார்.

"தம்பி, கையை எடு. அமத்திப் போட்டு எல்லாருத்து காலும் இப்படியே நின்னுபோச்சுன்னா? எங்காலு பாத்ரூம் வாசல்ல இருக்கறப்பவாச்சும் அமத்துனாப் பரவாயில்லை."

"அதுக்குன்னு கரண்டு எத்தனை ஆகும்ங்கக்கா?"

"தண்ணிக்கு முறை வெச்சாங்க, கத்துனீங்க, பழகிட்டீங்க. கரண்டுக்கு முறை வெச்சாங்க, கத்துனீங்க, பழகிட்டீங்க. காலுக்கு வெச்சாப் பழக மாட்டீங்களா?"

பழகித்தான் போனோம். பெட்டிக்குத் தறிப்பட்டறை இன்வெர்ட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியில் ஒரு பிடி அதன் முன்னால் வைத்தார்கள். பெட்டியின் ரிமோட்டை யார் அமுக்கினாலும் அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை, அவரவர் நடந்தால் திரையில் அவரவர் ஆள் நடந்தது, அவ்வளவுதான். அண்ணன் பேர் வைக்காதவர்களுக்கும் அப்புறம் பிறந்தவர்களுக்கும் பேரில்லாத ஆட்கள் தானாக வந்து நின்றார்கள். கறுப்புச் சட்டைப் படை எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. தறிகள் அவரவர் முறையில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. தறி ஓடும்போது பேச முடியாமல் சைகையிலேயே குடும்பம் நடத்திய தெரு, ஒருவர் பேசுவதை இன்னொருவர் முழுசாகக் கேட்டது, கேட்டதனால் வந்த சண்டைகள் தனி. மீட்டர் பார்க்க வந்தவர் ராஜாமணியக்கா வாசலில் முறை தவறி நின்று, மதியச் சாப்பாடும் சாயங்காலக் காப்பியும் சாப்பிட்டு, போகும்போது தெருவிலேயே நல்ல ரசம் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை நல்லசாமி அண்ணன் நடந்து முடித்து நின்றார். அடுத்தது யாருடைய காலும் சுடவில்லை.

"யாரப்பா அது, முறையைக் கையில வெச்சுட்டு வேடிக்கை பாக்கறது?" என்றார் அவர்.

"எனக்கில்லைங்கோ."

"எங்க ஊட்லயும் யாருக்கும் இல்லைங்."

தெரு அமைதியானது. எங்கேயோ பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். மைதானத்தின் கடைசி ஓரத்தில், இத்தனை நாளும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்ற ஆளின் தலைமேல் அம்புக்குறி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் பேரை வைத்த ஆள்.

"அண்ணி," என்றேன், "இது அண்ணன் முறைங்க."

அண்ணி எதிரே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டை நின்றது. திரையில் அந்த ஆள் மெதுவாக ஒரு கட்டம் நடந்து நின்றான். ராஜாமணியக்கா, "எனக்குச் சுடுது," என்றார் வெளியே.

"இருக்காரு," என்றாள் அண்ணி. மறுபடி ராட்டையைச் சுற்றினாள், அன்றைக்கு அவள் சுற்றிய தார் அத்தனையும் முடிச்சு விழாமல் ஓடியதாகத் தறிக்காரர்கள் சொன்னார்கள்.

ஊரில் இல்லாதவனுக்கு எப்படி முறை வந்தது என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. கட்டிக்கொடுத்துப் போன பெண்களுக்கு வரவில்லை, பெங்களூர் போன பையன்களுக்கு வரவில்லை. நல்லசாமி அண்ணன்தான் கண்டுபிடித்தார். "ரேஷன் கார்டுல பேரு இருக்குதில்ல," என்றார். ஆமாம், அண்ணி எடுக்க விட்டதில்லை. கடையில் கைரேகை கேட்கும்போதெல்லாம், ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் வைப்பார் என்றே சொல்லி வந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் நல்லசாமி அண்ணனுக்கும் ராஜாமணியக்காவுக்கும் நடுவில் எங்கள் தெருவுக்கு ஒரு அமைதி வந்தது. பூபதி முறை என்றே அதற்குப் பேர் ஆனது. பிள்ளையைத் தூங்க வைக்க அதை எதிர்பார்த்திருந்தவர்கள் உண்டு. வேண்டுதல் இருந்தவர்கள் அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டார்கள். கொஞ்சம் நீண்டால், "டீ குடிக்கப் போயிருப்பான்," என்பார் ஒருவர். "அங்கெல்லாம் லஸ்ஸிதானுங்க," என்பார் இன்னொருவர். ரொம்ப நீண்டால் காய்ச்சலாக இருக்கும் என்று ராஜாமணியக்கா மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைப்பார். அந்த ஆள் ஒரு கட்டம் முன்னால் போவான், அடுத்த சுற்றில் ஒரு கட்டம் பின்னால் வருவான், வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருகிற எந்த மனுஷனையும் போல. எங்கள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"ஒரு கட்டமாச்சும் இந்தப் பக்கம் எடுத்து வெக்கறானா பாரு," என்பார் நல்லசாமி அண்ணன்.

"வழி தெரிய வேண்டாமாங்ணா?" என்பாள் அண்ணி. "மெதுவா வரட்டும்."

அண்ணிக்கு அப்போது ஒரு இடம் வந்திருந்தது. பெருந்துறையில் இருக்கிற அவளுடைய அண்ணன்தான் கொண்டுவந்தார். அந்தியூரில் லேத் பட்டறை வைத்திருந்த சிவஞானம், மனைவியை இழந்தவர். பெண் பார்க்க என்று இல்லாமல் சும்மா பேசிவிட்டுப் போக வந்தவர், எங்கள் வாசலில் முறை கிடைக்காமல் நின்றுபோனார். ஸ்டூல் போட்டோம். ஆடிக்கொண்டிருந்த அண்ணியின் ராட்டைக்காலைப் பார்த்தவர், கையை நீட்டி எடுத்து, சட்டைப்பையில் இருந்த திருப்புளியால் இறுக்கினார். அப்போது அமைதி வந்தது. யாருக்கானது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. திருப்புளியை மடியில் வைத்துவிட்டு, முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரு நல்லா இருக்கட்டும்ங்க," என்றார் முடிந்ததும்.

"இருக்காருங்க," என்றாள் அண்ணி. "அதனாலதாங்க, நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று சொல்லி ராட்டையைச் சுற்றிப் பார்த்தார், ஆடவில்லை. அவர் முறை வந்தது, போனார். அண்ணன் எந்த நேரமும் வரலாம் என்பதுபோல அண்ணி அன்றிலிருந்து சாயங்காலமானால் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள், தன் முறையை எப்போதும் வாசற்படியில் முடிகிற மாதிரி பார்த்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, இன்னொரு மாதிரியும் இருந்தது.

தை பிறந்து கொஞ்ச நாள் போயிருக்கும். நல்லசாமி அண்ணன் நின்றார், பூபதி முறை வந்தது, போனது. ராஜாமணியக்கா குடத்தோடு தயாராக இருந்தார். அவருக்குச் சுடவில்லை. இன்னொரு அமைதி வந்தது. தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத இரண்டாவது அமைதி.

நானும் அண்ணியும் டிவியைப் பார்த்தோம். அண்ணனுடைய ஆளுக்குப் பின்னால், அவன் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன ஆள் நின்றது. கையில் வாள் இல்லை, வில் இல்லை, பேரும் இல்லை. அது ஒரு கட்டத்தில் பாதி நடந்தது. பொத்தென்று உட்கார்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி எழுந்து, இரண்டு கையையும் பக்கத்தில் விரித்துக்கொண்டு, மீதிப் பாதியை ஓட்டமாக ஓடி, அண்ணனுடைய ஆளின் காலைக் கட்டிக்கொண்டது.

எனக்கு அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த நடையை நான் காலையிலிருந்து இரவு வரை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். நிவி அப்படித்தான் உட்காருவாள், அப்படித்தான் எழுவாள், அந்தக் கடைசி ஓட்டம் அப்படியே இவளுடையது. என் மடியில் இருந்த நிவி திரையைக் காட்டி, "பாப்பா," என்றாள்.

அண்ணி ராட்டையை நிறுத்தவில்லை. நூல் அறுந்துபோனதுகூடத் தெரியாமல் வெறும் குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த சுற்றிலும் அதற்கடுத்த சுற்றிலும் அந்தச் சின்ன அமைதி வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், பார்க்காதவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இத்தனை காலம் பூபதிக்காகப் பொறுமையாக நின்ற தெரு முதல் தடவையாகக் காலைத் தேய்த்தது.

"கார்டுல பேரே இல்லாத புள்ளைக்கு நாம எதுக்கு நிக்கோணும்?" என்றார் நல்லசாமி அண்ணன்.

"அதைப் பெத்தவளுக்கும் ஒரு முறை வரட்டும், அப்ப வெச்சுக்கறேன்," என்றார் ராஜாமணியக்கா. "ஏ கோகிலா, அந்தப் படையில ஆளை நீக்கறதுக்கு ஒரு இடம் இருக்குதுன்னு சொல்லுவியே. அமுக்கு அதை. இத்தனை வருஷம் கதவைப் பார்த்துட்டுக் கிடந்தாளே, அவளுக்காச்சும் ஒரு முடிவு வேண்டாமா?"

அப்படி ஒரு இடம் இருந்தது. ஜப்பான் எழுத்தில் கடைசி வரி. அர்த்தம் தெரியாமலே அதன் மேல் விரல் படக்கூடாது என்று அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான், ஒரு தடவை அமுக்கினால் அந்த ஆள் படையிலிருந்து போனவன்தான். நடப்பதெல்லாம் காலால் நடந்தாலும் இந்த ஒரு வரிக்கு ரிமோட் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. என் முறை வந்தபோது போய் டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தேன். ஒவ்வொரு வரியாக இறக்கினேன். அது இறங்கியது. கடைசி வரியில் அண்ணன் பேர் மினுங்கியது. அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். கட்டைவிரலை வைத்தேன்.

"கோகிலா, அதைக் கீழ வை."

அண்ணி இருந்த இடத்திலிருந்து எழ முடியாது, அவள் முறை இல்லை. குரல் மட்டும் வந்தது.

"உங்களுக்காகத்தான் அண்ணி."

"எனக்காக வேண்டாம். அவரை நீ எடுத்துப் போட்டா அவரு காலு அங்கயே நின்னுபோகுமோ என்னமோ, யாரு கண்டா? நின்னுபோனா அந்தப் புள்ள யாருகிட்டப் போயி காலைக் கட்டிக்கும்?"

"அதுக்கு நாம என்னங்க பண்றது?"

"உங்க நிவி பாதி தூரம் வந்து திரும்பிப் பார்க்கறப்ப, நீ அங்க இல்லைன்னா அவ என்ன பண்ணுவா?"

ரிமோட்டைக் கீழே வைத்தேன். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, நான்தான் சொன்னேனே, தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தெருவில் எதையும் மெதுவாகப் பேச முடியாது. ராஜாமணியக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அண்ணி அறுந்த நூலை எடுத்து முடிந்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"பெருந்துறைக்கு ஒரு போன் போடு கண்ணு. எங்கண்ணனை வரச் சொல்லு."

அந்தியூர்ப் பேச்சு முடிந்து அவள் கிளம்பிய அன்றைக்குத் தெருவில் தறி எதுவும் ஓடவில்லை. காலையிலிருந்தே ஒவ்வொருவரும் தங்கள் முறையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக நடந்து நடந்து நின்றார்கள், யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, வெயில் ஏறுவதற்குள் தெரு முழுக்க அந்த மூலையில் திருவிழாக் கூட்டம் மாதிரி சேர்ந்துவிட்டது. நிவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். பூபதி முறை வந்தது. எல்லோரும் நின்றார்கள், அண்ணியும் பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். அப்புறம் சின்ன முறை வந்தது. அதற்கும் நின்றார்கள், யாரும் காலைத் தேய்க்கவில்லை. நல்லசாமி அண்ணன் மட்டும், "விழுந்திருக்கும், எந்திரிக்கட்டும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் அண்ணியின் கால் சுட்டது. வாசலைப் பூட்டவில்லை, சாத்தவுமில்லை, அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்தாள். ராஜாமணியக்கா எட்டி அவள் தலையில் பூவைச் சரியாக வைத்துவிட்டார். அந்தப் பக்கம் ரோட்டில் அவளுடைய அண்ணன் காரோடு நின்றார். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தாள், இந்தக் காலை எடுக்கவில்லை. அதை எடுக்கும்வரைக்கும் அவள் முறை முடியாது. நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம், கூப்பிட்டு அனுப்பி வைக்கவும் முடியவில்லை, பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. நிவி அவளிடம் போகக் கையை நீட்டினாள். அண்ணி அவள் பாதத்தைப் பிடித்து உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவினாள், தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"அந்தியூருக்குப் போனா எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. அந்தப் புள்ள விழாம ஓட ஆரம்பிச்சுதுன்னா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு."